கைமாற்றாக ஒரு பகிடி

என் பேரன் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். போன மாதம் அவன் மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பைத்தன் எண்டால் மலைப்பாம்புதானே, கணினி மொழிக்கு ஏன் உந்தப் பெயரை வைச்சவங்கள்?" என்று கேட்டேன். விடை எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோலக் கேட்பது கிழவர்களின் கெட்ட பழக்கங்களில் ஒன்று.

"பாம்புதான் அம்மப்பா, அட்டையிலயும் பாம்புப் படம் கிடக்கு" என்றான்.

பாம்பில்லை. 1991-இல் அந்த மொழியை வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் கீடோ வான் ரோசம், பி.பி.சி.யின் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றின் ரசிகர். 'மொன்டி பைத்தன்' என்ற அந்தத் தொடரின் பெயரைத்தான் தன் மொழிக்கு வைத்தார். வேண்டாத மின்னஞ்சலை இன்று உலகம் முழுவதும் 'ஸ்பாம்' என்கிறார்களே, அதுவும் அதே தொடரிலிருந்து வந்ததுதான். ஒரு சாப்பாட்டுக் கடையில் அநேகமாக எந்தப் பண்டம் கேட்டாலும் ஸ்பாம் என்ற தகரத்தில் அடைத்த பன்றியிறைச்சி கலந்தே வரும். வேண்டாம் என்றாலும் விடாது. 1970 டிசம்பரில் ஒளிபரப்பான துண்டு அது. இன்றைக்கு ஆளாளுக்கு அஞ்சல் பெட்டியில் அதைத்தான் அள்ளிக் கொட்டுகிறோம்.

அது ஒளிபரப்பான இரவில் நான் அதைப் பார்த்தேன். பக்கத்தில் என் நண்பன் இருந்தான். இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தோம். டூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு எரிவாயு அடுப்பு. அந்த அடுப்பு காசு கேட்கும். மீட்டரில் ஒரு ஷில்லிங் போட்டால் கொஞ்ச நேரம் எரியும், பிறகு அணைந்துபோகும். கீழே வீட்டுக்காரக் கிழவியின் முன்னறையில் இலவசமாக நெருப்பு எரிந்தது. அங்கே தொலைக்காட்சியும் இருந்தது. செவ்வாய்க்கிழமை இரவுகளில் 'படம் பார்க்க வரட்டுமா' என்று மரியாதையாகக் கேட்டு அங்கே போய்க் குந்திக்கொள்வோம். குளிருக்கு ஒதுங்கியவர்கள்தான் நாங்கள். கலை தேடிப் போனவர்கள் என்று இப்போது சொன்னால் பொய்.

முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை. பவுலர் தொப்பியும் கோட்டும் போட்ட ஒருவர் கால்களைத் தோள்வரை வீசி நடந்து போய் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்தார். அது 'கோணல் நடை அமைச்சு' என்றார்கள். ஒரு கதை முடிவதற்குள் இன்னொன்று புகுந்தது. பகிடிக்கு முடிவே கிடையாது. நடுவில் யாரோ ஒரு இராணுவ அதிகாரி வந்து, இது அளவுக்கு மீறிப் போகிறது என்று நிறுத்திவிட்டார். பெரிய பாதம் ஒன்று வானத்திலிருந்து இறங்கி எல்லாவற்றையும் நசுக்கியது. "உதென்னடா விசர்க் கூத்து?" என்றான் நண்பன். வீட்டுக்காரக் கிழவியும் முகத்தைச் சுளித்தபடிதான் இருந்தார், ஆனால் அணைக்கவில்லை.

நாலைந்து வாரத்தில் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. பைத்தன்காரர் ஆறு பேர். ஜோன் கிளீஸ், கிரஹாம் சாப்மன், எரிக் ஐடில் மூவரும் கேம்பிரிட்ஜ். டெரி ஜோன்ஸ், மைக்கல் பேலின் இருவரும் ஒக்ஸ்போர்ட். சித்திரங்களை வெட்டி ஒட்டி ஓடவிட்டவர் டெரி கில்லியம், அமெரிக்கர். மரியாதை, வரிசை, படிவம், மேலதிகாரி என்று இந்த நாடு எதையெல்லாம் கண்ணும் கருத்துமாகக் காத்ததோ, அதன் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் உள்ளே பைத்தியத்தை வைத்துத் தைத்தார்கள். 1969-இல் வந்த செத்த கிளிக் கதையைப் பாருங்கள். வாங்கிய கிளி செத்துக் கிடக்கிறது என்று ஒருவர் கடைக்கு வந்து முறையிடுகிறார். கடைக்காரர், அது ஓய்வெடுக்கிறது என்கிறார். அவ்வளவுதான் கதை. இரண்டு பேரும் கடைசிவரை மரியாதை தப்பாமல் சண்டை பிடிக்கிறார்கள். கண்முன்னே கிடக்கும் பிணத்தைப் பிணம் என்று ஒப்புக்கொள்ளாத அந்தக் கடைக்காரரை நான் லண்டனுக்கு வருமுன்பே அறிவேன். எங்கள் ஊர்க் கந்தோர்களில் கோப்புக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் பிற்பாடு திரையில் அந்தக் கதையைப் பார்த்தபோது, இங்கிலீசு அரைகுறையாக விளங்கியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தப் பெரிய பாதம் ஒரு பழைய ஓவியத்தில் வரும் மன்மதனின் பாதம் என்றும், இத்தாலிய ஓவியர் புரொன்சினோ வரைந்த அந்தப் படம் டிரஃபல்கர் சதுக்கத்துத் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது என்றும் பிறகொரு நாள் கேள்விப்பட்டு, இருவரும் போய்ப் பார்த்தோம். அனுமதி இலவசம், உள்ளே சூடாகவும் இருந்தது. நிர்வாணத் தெய்வங்களின் முன்னே நின்று, படத்தின் கீழ் மூலையில் ஒற்றைக் காலை மட்டும் பார்த்துச் சிரித்த இரண்டு கறுத்தப் பெடியன்களைக் காவலாளி சந்தேகமாகத்தான் பார்த்தார்.

இப்போது அந்த ஸ்பாம் இரவுக்கு வருகிறேன். நண்பன் சைவக்காரன். முட்டைகூடத் தொடமாட்டான். வீட்டுக்காரக் கிழவி நல்ல மனுசி, ஆனால் இறைச்சி இல்லாத காலைச் சாப்பாடு அவருடைய கற்பனைக்கு எட்டவில்லை. தகரத்தில் வருவது இறைச்சிக் கணக்கில் சேராது என்பது அவருடைய கட்சி. நாள்தோறும் தட்டில் அந்த இளஞ்சிவப்புத் துண்டு வந்து உட்காரும். நாள்தோறும் நண்பன் அதை என் தட்டுக்கு நகர்த்துவான். அன்றிரவு திரையில் அந்தப் பெண், ஸ்பாம் இல்லாமல் ஏதாவது தரமுடியாதா என்று கெஞ்சக் கெஞ்ச, பாட்டும் கூத்துமாகக் கடை முழுக்க ஸ்பாம் ஸ்பாம் என்று இரைந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி, "இதில என்னடா பகிடி? இது என்ர காலமைச் சாப்பாடு" என்றான்.

எங்கள் வாழ்நாளின் மிகச் சிறந்த பகிடி அது. பைத்தன்காரர் எழுதியதை விடச் சிறந்தது என்று நான் சத்தியம் செய்வேன். கலியாண வீடுகளில், பிள்ளைகளின் பிறந்தநாள்களில், வேலை போன நாள்களில், நாற்பது ஆண்டு அதைச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு அவனுக்கு மறதி வந்தது.

2013 நவம்பரில், உயிரோடிருந்த ஐந்து பைத்தன்காரரும் மறுபடி மேடையேறப் போவதாகச் செய்தி வந்தது. காரணத்தை அவர்கள் மறைக்கவில்லை. தங்கள் பழைய படம் ஒன்றிலிருந்து பிறந்த இசை நாடகத்தின் வருமானப் பங்கு தொடர்பாக நடந்த வழக்கில் அந்த ஆண்டு தோற்றிருந்தார்கள். வழக்குச் செலவு தலைக்கு மேல் நின்றது. கடன் அடைக்கத்தான் வருகிறோம் என்று பகிடியாகவும் உண்மையாகவும் ஒரே மூச்சில் சொன்னார்கள். முதல் காட்சிக்கான டிக்கெட்டுகள் 44 விநாடிக்குள் தீர்ந்தன. ஒன்று பத்தானது. 2014 ஜூலை 1 முதல் 20 வரை, லண்டன் ஓ டூ அரங்கில் பத்து இரவுகள்.

நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்த பெயரை அப்படியே தமிழாக்க முடியாது. 'நேரடியாக, பெரும்பாலும்' என்றும் படிக்கலாம். 'உயிரோடு, பெரும்பாலும்' என்றும் படிக்கலாம். ஆறு பேரில் கிரஹாம் சாப்மன் 1989-லேயே போய்விட்டார், தொடர் தொடங்கி இருபதாண்டு நிறைவதற்கு முதல் நாள். அதனால் 'ஒருவர் போயாயிற்று, இன்னும் ஐந்து பேர் மிச்சம்' என்று கீழே ஒரு வால் வேறு. எழுபதைத் தாண்டிய மனிதர்கள் தங்கள் சாவைத் தாங்களே விளம்பரத் தட்டியில் எழுதி வைத்தார்கள். மூட்டுவலியைக்கூடப் பிள்ளைகளுக்கு மறைக்கிற நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய தட்டி அது.

என் மகள் எப்படியோ நான்கு டிக்கெட் வாங்கிவிட்டாள். நண்பனையும் கூட்டிப் போக வேண்டும் என்றேன். அவன் மனைவி தயங்கினார். "அண்ணை, சனக்கூட்டத்தில இவர் பயப்பிடுவார்" என்றார். பிறகு, தானும் வருவதாகச் சொல்லி ஒப்புக்கொண்டார். என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கிளியைக் கண்டால், அந்தப் பாட்டைக் கேட்டால் பூட்டு திறந்துகொள்ளும், பழைய ஆள் எழும்பி வருவான் என்ற கணக்கு. இப்படிக் கதைகள் நிறையப் படித்திருந்தேன்.

வடக்கு கிரீனிச் நிலையத்தில் இறங்கி நடந்தால், பன்னிரண்டு மஞ்சள் கம்பங்கள் குத்தி நிற்கும் அந்த வெள்ளைக் கூடாரம். 2000-ஆம் ஆண்டைக் கொண்டாடக் கட்டியது. அதனுள்ளே பின்னாளில் அரங்கம் வைத்தார்கள். வழி நெடுக வயதானவர்கள் தலையில் நாலு மூலையும் முடிச்சுப் போட்ட கைக்குட்டை கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் தோளில் துணிக் கிளி, அதுவும் தலைகீழாக. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள்போல இருந்தவர்கள் படிக்கட்டில் கோணல் நடை நடந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். நண்பன் மூன்று முறை கேட்டான்: "எங்கையடா வந்திருக்கிறம்?" மூன்று முறையும் சொன்னேன்.

உள்ளே பதினைந்தாயிரம் பேர் அளவில். ஐவரும் மேடைக்கு வந்தபோது எழும்பிய இரைச்சலை நான் தேர்த் திருவிழாவில்தான் கேட்டிருக்கிறேன். ஆடற்குழு, இசைக்குழு, ராட்சதத் திரை, கில்லியமின் ஓடும் சித்திரங்கள். ஒரு காட்சியில், பிரபஞ்சத்தைப் பற்றிய அவர்களின் பாட்டில் கணக்குப் பிழை இருக்கிறது என்று இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் திரையில் விளக்க வர, ஸ்டீவன் ஹாக்கிங் தன் சக்கர நாற்காலியால் அவரை மோதித் தள்ளிவிட்டுப் பாடியபடியே வானத்துக்குப் பறந்தார். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவர் தன் நாற்காலியையே பகிடிக்குக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்போடு வேறு ஏதோ ஒன்றும் வந்தது.

கோணல் நடையைக் கிளீஸ் நடக்கவில்லை. அவருக்கு இடுப்பிலும் முழங்காலிலும் செயற்கை மூட்டு. அதை ஒரு பாட்டாக்கி, இளம் ஆட்டக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். நடனம் அமைத்தவர் ஆர்லீன் பிலிப்ஸ். இருபது வயதுக் கால்கள் நாற்பத்து நான்கு வருடப் பழைய நடையை வானத்துக்கு வீசின. தன்னால் முடியாததைத் தள்ளாடித் தள்ளாடிச் செய்து காட்டி இரக்கம் வாங்காமல், முடிந்தவர்களிடம் கொடுத்து ஒதுங்கி நிற்பதும் ஒரு கலை. அது வீட்டிலும் வேண்டும், கோயில் சபையிலும் வேண்டும்.

கிளிக் கதை வந்தது. கிளீசும் பேலினும் மேசைக்கு இருபுறமும் நின்றார்கள். முதல் வசனம் வருமுன்பே கூட்டம் கைதட்டியது. அடுத்தது என்ன என்று தெரியாத ஒருவர்கூட அங்கே இல்லை. என் முன்வரிசைக்காரர் உதட்டசைவில் முழுக் காட்சியையும் நடித்துக்கொண்டிருந்தார். நடுவில் மேடையில் இருந்தவர்களே சிரிப்பை அடக்க முடியாமல் தடுமாற, அதற்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய சிரிப்பு.

எனக்கு ஊர்க் கூத்து ஞாபகம் வந்தது. காத்தவராயன் கழுவேறுவான் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்? புதிது கேட்க வருகிற கூட்டமில்லை அது. தெரிந்ததைச் சேர்ந்து கேட்க வருகிற கூட்டம். கூத்தன் ஓரடி பாடினால் பக்கத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். மூச்சு முட்டினால், தொண்டை கட்டினால், வரி மறந்தால், அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். அந்த அரங்கில் பதினைந்தாயிரம் பிற்பாட்டுக்காரர் இருந்தார்கள்.

நண்பனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளியைப் பார்த்தான், வெளிச்சத்தைப் பார்த்தான், கூட்டம் சிரித்தால் கொஞ்சம் பிந்திச் சிரித்தான். என் கணக்குப் பிழைத்துவிட்டது. கடைசியில், அவர்களின் படம் ஒன்றில் சிலுவையில் தொங்குகிறவர்கள் பாடும் புகழ்பெற்ற பாட்டு. 1982 போக்லண்ட் போரில் எச்.எம்.எஸ். ஷெஃபீல்ட் கப்பல் எரிந்தபோது, மீட்புக்காகக் காத்திருந்த மாலுமிகள் பாடியதும், இந்த நாட்டில் எத்தனையோ பேர் தங்கள் சவ அடக்கத்துக்குக் கேட்டு வைப்பதும் அதுதான். அரங்கமே எழுந்து பாடியது. அவன் எழவில்லை. மனைவியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஏன் கூட்டி வந்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும் ரயிலில் இடித்துக்கொண்டு நின்றோம். பேச்சுக்காக அவன் மனைவியிடம், "முதல்நாள் இதைப் பார்த்திட்டு 'விசர்க் கூத்து' எண்டு சொன்னவன் இவன்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இவர் அதைச் சொன்னது நீங்கள் எண்டெல்லோ எனக்கு இவ்வளவு காலமும் சொன்னவர்!"

திடுக்கிட்டேன். நாற்பத்து நான்கு வருடமாக நான் நம்பியிருந்தது பிழையா, அவன் நம்பியிருந்தது பிழையா? தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி எனக்கு முன்னால் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தது. மறதி அவனுக்குத்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அப்போது பக்கத்தில் நின்ற பையனின் பெனியனைப் பார்த்தேன். அதில் ஸ்பாம் தகரத்தின் படம். நண்பனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து, யோசிக்காமல், "உன்ர காலமைச் சாப்பாடு" என்றேன்.

அவன் சிரித்தான். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை. தோள் குலுங்க, மூக்கால் காற்று சீற, பழைய சிரிப்பு. வேறொன்றும் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. இரண்டு நிலையம் வரை சிரித்துக்கொண்டு வந்தான்.

அது ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பைத்தன்காரரின் உலகப் புகழ் பெற்ற பகிடிகள் எதற்கும் அசையாதவன் இதற்கு ஏன் சிரித்தான்? அவன் 2017-இல் போய்விட்டான். விடை அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

அந்தப் பத்து இரவுகளிலும் டெரி ஜோன்ஸ் வரிகளை நினைவில் வைக்க முடியாமல் தவித்தாராம். ஒரு காலத்தில் வரி தப்பாதவர் என்று பெயர் எடுத்தவர், எழுத்து ஓடும் கருவியைப் பார்த்து வாசிக்க வேண்டியிருந்ததாம். அதைப் பின்னாளில் அவருடைய நண்பர்களே சொன்னார்கள். மறுவருடம் நோய் உறுதியானது. 2016-இல் வெளியில் அறிவித்தார்கள். பேச்சையே பறிக்கும் ஒருவகை மறதி நோய். அன்றிரவு அவன் மட்டுமா, மேடையில் நின்றவரும் அதே பாதையில்தான் நின்றிருக்கிறார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். 2020 ஜனவரியில் ஜோன்ஸ் இறந்தபோது, பேலின் சொன்ன ஒரு செய்தி வந்தது. கடைசிக் காலத்தில் பார்க்கப் போனபோது, இருவரும் பல்லாண்டுக்கு முன் சேர்ந்து எழுதிய கேலிப் புத்தகம் ஒன்றை ஜோன்சுக்கு வாசித்துக் காட்டினாராம். ஜோன்ஸ் சிரித்தாராம். ஆனால் தான் எழுதிய பகுதிகளுக்கு மட்டும்தான்.

அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அந்த ரயில் பெட்டிக்கு விடை கிடைத்துவிட்டது.

பிள்ளைகளே, இந்த வயதில் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முதுமைக்குக் காசு சேர்க்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள், சேருங்கள். அதோடு, பக்கத்தில் இருப்பவர் சொன்ன பகிடிகளையும் சேருங்கள். உங்கள் பகிடியை நீங்கள் நினைவில் வைத்திருப்பது பெரிய காரியமில்லை. மனைவி கலியாணமான புதிதில் சொன்னது, அண்ணன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டுச் சொன்னது, அறைத் தோழன் பசியோடு சொன்னது, இவற்றை வைத்திருங்கள். அவை உங்களுக்குச் சொந்தமானவை அல்ல. கைமாற்றாக வாங்கி வைத்திருப்பவை. ஒரு நாள் அவர்கள் கை வெறுமையாகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். கிரஹாம் சாப்மனின் நினைவுக் கூட்டத்தில் கிளீஸ் எழுந்து, இருவரும் சேர்ந்து எழுதிய செத்த கிளியின் சொற்களையே அவருக்கு இரங்கலாகச் சொன்னார். அதுவும் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்ததுதான். கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவே. பேலின் நேரத்தோடு கொடுத்தார். நான் ஒரு ரயிலில், தெரியாமல் கொடுத்தேன்.

வாங்கி வைத்ததில் ஒரு சொல் மாறியிருக்கலாம், ஆளே மாறியிருக்கலாம். விசர்க் கூத்து என்று சொன்னது அவனா நானா என்று இனித் தெரியப்போவதில்லை. இருவர் மாறி மாறிப் பாடிய அடி யாருடையது என்று கூத்தில் யாரும் கேட்பதில்லை.

பேரனுக்கு அன்று முழுக் கதையும் சொன்னேன். பாதியில் அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "அம்மப்பா, உதை நூறு தரம் சொல்லிட்டீங்கள். பாம்பு எண்டு சும்மாதான் சொன்னனான். கடைசி வரியை நான் சொல்லட்டே?"

முன்பென்றால் கோபம் வந்திருக்கும். "சொல்லு" என்றேன்.

"இது என்ர மத்தியானச் சாப்பாடு!"

பிழை. நான் திருத்தவில்லை. பிற்பாட்டுக்காரன் ஒரு சொல்லை மாற்றிப் பாடினாலும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்துவதில்லை.